குறுக்கெழுத்து: 'கடல்', 4 கட்டம், மூன்றாவது 'க'

மண்டபம் வாசகி:
இடமிருந்து வலம் 'கடல்', 4 கட்டம். மேலிருந்து கீழ் 'மேல்காற்று'க்குக் கச்சான் போட்டதில் மூன்றாவது எழுத்து 'க' கிடைத்தது. முந்நீர் என்றால் அங்கே 'நீ' வருகிறது. பரவை, புணரி, உவரி, பௌவம் எல்லாம் மூன்றே எழுத்து. வேறு சொல் உண்டா?

தொண்டி கடலோரம்:
ஆர்கலி. ஆ, ர், க, லி. புள்ளி எழுத்துக்கும் தனிக் கட்டம் உண்டு. பலரும் சறுக்குவது அங்கேதான். ஒன்று பாருங்கள்: தமிழ்ச்சொல் மெய்யெழுத்தில் தொடங்காது. இரண்டாம் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு சொல் தொடங்கினால் ஆர்கலி விடையே இல்லை.

கீழக்கரை அகராதி:
அகராதியைவிட நிகண்டு கைகொடுக்கும், ஒரு பொருளுக்குரிய பெயர்களெல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். சூடாமணி நிகண்டில் 11ஆம் தொகுதி வேறு வகை: ஒரு சொல்லுக்குப் பல பொருள். குறிப்பே ஏமாற்றும்போது அதைப் புரட்டுங்கள். 'வேலை' என்று கொடுத்துக் கடலைக் கேட்பார்கள். கொண்டல் நம் கரையில் கீழ்க்காற்று. கட்டத்தில் மேகமாகவும் வரும்.

மண்டபம் வாசகி:
இரண்டாம் கட்டத்தில் 'பரதவர்' முடிகிறது, அதே 'ர்'. ஆர்கலி சரியாக உட்கார்ந்துவிட்டது. நன்றிங்க.