லாங் ட்யூபா, ஷார்ட்டியா? ஹெடர் மாற்றியவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஹூஸ்டன்_மணி:
என்னுடையது 2013 மஸ்டாங் ஜிடி, 5.0 லிட்டர். புதியவர்களுக்கு ஒரு வரி: எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டர் புகையையும் தனித்தனிக் குழாயில் எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது ஹெடர், குழாய் நீளம் என்றால் லாங் ட்யூப், குட்டை என்றால் ஷார்ட்டி. நேராக விஷயத்துக்கு வருகிறேன். லாங் ட்யூப் என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் (சுருக்கமாகக் கேட்) இடம் மாறும், எஞ்சின் கம்ப்யூட்டரையும் அதற்கேற்ப ட்யூன் செய்ய வேண்டும், செலவும் கூடும். ஷார்ட்டி போதும், 20 குதிரைத்திறன் ஏறும் என்று கடையில் அடித்துச் சொன்னார்கள். சரி, போடுங்கள் என்றேன். மாட்டி முடித்து, குதிரைத்திறனை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றினார்கள். திரையில் பழைய ஓட்டம் நீலக்கோடு, புதியது சிவப்பு. 4000 ஆர்பிஎம் வரை நீலம் கண்ணுக்கே தெரியவில்லை, சிவப்பு அதன் மேலேயே படுத்திருந்தது. உச்சிக்குப் போனதும் ஒரு மயிரிழை இடைவெளி. டைனோ ஓட்டிய பையன் ஒன்றும் சொல்லாமல் மவுஸை நகர்த்திக்கொண்டே இருந்தான்.

பக்கத்து மேஜையில் கழற்றிய பழைய மேனிஃபோல்ட், அதாவது ஹெடரின் இடத்தில் ஃபாக்டரி போட்டது, கிடந்தது. அது வார்ப்பிரும்பே இல்லை. சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனி ஸ்டீல் குழாய், வளைத்து வெல்டிங் செய்தது. 2011இல் இந்த எஞ்சின் வந்தபோதே ஃபோர்டு குழாய் ஹெடர் போட்டுத்தான் விற்றது. ஷார்ட்டியைக் கழற்றிவிட்டு இன்னொரு ஷார்ட்டி மாட்டியிருக்கிறார்கள். தினமும் மஸ்டாங் கழற்றி மாட்டுகிற கடைக்கு இது தெரியாமலா இருக்கும்?

சான்ஹோசே_வள்ளி:
மணி அண்ணா, உங்களுக்காவது தேர்ந்தெடுக்க இரண்டு இருந்தன. கலிஃபோர்னியாவில் எங்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. என்னுடையது 2001 கமாரோ. ஸ்மாக் என்கிற புகைச் சோதனையில் புகையை மட்டும் பார்ப்பதில்லை, பானெட்டைத் திறந்து என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்றும் பார்ப்பார்கள். மாற்றிய ஹெடருக்கு மாநிலக் காற்று வாரியம் கொடுத்த ஈஓ என்கிற அனுமதி எண் இருக்க வேண்டும். அந்த எண் பெரும்பாலும் ஷார்ட்டிக்குத்தான் கிடைக்கிறது, ஏனென்றால் கேட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

எண் உள்ளதுதான் என்று எழுதி விற்றார்கள், வாங்கினேன். சோதனை நிலையத்தில் டெக்னீஷியன் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, கைப்பிடி வைத்த கண்ணாடியை எஞ்சினுக்கும் அதன் பின்னால் இருக்கும் ஃபயர்வால் தகட்டுக்கும் நடுவே விட்டு, ஹெடரில் இருந்த தகட்டில் பொறித்த எண்ணை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "மேடம், இது வேறு வருட மாடலுக்கான எண்" என்றார். புகை அளவு எல்லாம் சரியாக இருந்தும் ஃபெயில். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னால், மாட்டிய பொருளை வாங்க மாட்டோம் என்கிறார்கள். மாட்டாமல் எப்படி ஸ்மாக் போவது? வாங்குகிறவர்கள் எண்ணோடு நிற்காமல், அந்த எண் உங்கள் மாடல் வருடத்துக்கும் எஞ்சினுக்கும் உரியதா என்று வாரியத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

டல்லாஸ்_பாண்டி:
இதனால்தான் டெக்சாஸ். 2025 தொடக்கத்திலிருந்து சொந்தக் கார்களுக்குப் பாதுகாப்புச் சோதனையே இல்லை. லாங் ட்யூப் போட்டு, கேட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, ட்யூனில் கேட்டைக் கண்காணிக்கும் சென்சாரை அணைத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

சான்ஹோசே_வள்ளி:
பாண்டி, எடுத்தது பாதுகாப்புச் சோதனையை. டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் புகைச் சோதனை இன்னும் இருக்கிறது. கேட்டைக் கழற்றுவது அமெரிக்கா முழுவதும் சட்டப்படி தப்பு. அதையும் விடுங்கள், பின்னால் வருகிறவர் குழந்தையோடு வருவார். லாங் ட்யூப் வேண்டுமென்றால் கேட்டோடு சேர்ந்த செட் கிடைக்கிறது, அதை வாங்கலாமே.

மெல்பர்ன்_குமரன்:
இங்கே இதற்குப் பெயர் எக்ஸ்ட்ராக்டர். 2008 கமோடோர் எஸ்எஸ், 6 லிட்டர் வி8. ஒன்றே முக்கால் இஞ்ச் லாங் ட்யூப், அதோடு ட்யூன். 3000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டியே வேறு. ஆனால் மாட்டிக் கொஞ்ச நாளிலேயே காலையில் ஸ்டார்ட் செய்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம், சூடானதும் அடங்கிவிடும். மாட்டிக் கொடுத்தவர்கள் எஞ்சினுக்குள்ளே வால்வைத் தூக்கும் லிஃப்டரின் சத்தம், வி8 என்றால் அப்படித்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெட்ரோலும் கூடுதலாகக் குடித்தது.

கடைசியில் வேறொரு மெக்கானிக், வயதானவர், எஞ்சின் ஆறியிருக்கும்போது வரச் சொன்னார். ஸ்கேனரைக் கூட எடுக்கவில்லை. ஏழாம் சிலிண்டரில் ஹெடர் எஞ்சினோடு சேரும் ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் விரலை வைத்துத் தேய்த்து என்னிடம் காட்டினார், விரல் நுனி முழுக்கக் கருப்பு மசி. இரண்டுக்கும் நடுவே அடைப்பாக வைக்கும் கேஸ்கட் வழியாகப் புகை கசிந்திருக்கிறது. அந்த ஓட்டையில் வெளிக்காற்று உள்ளே போக, பின்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் கலவையில் பெட்ரோல் குறைவு என்று நம்பி, கம்ப்யூட்டரை இன்னும் ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. லிஃப்டரை மாற்ற எஞ்சினைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

கோவை_ரேசர்:
மணி சார், டைனோவின் உச்ச எண்ணை வைத்து மட்டும் ஹெடரை எடை போடாதீர்கள். நான் ஓட்டுவது எஸ்டீம், 1.3 லிட்டர். உங்கள் வி8க்கு முன்னால் இது சின்னது, ஆனால் கணக்கு ஒன்றுதான். செட்டிப்பாளையம் கரி ரேஸ் டிராக்கில் நான் நீளக் குழாய் 4-2-1 (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகும்), நண்பர் 4-1 (நாலும் நேராக ஒன்றாகும்). மெதுவான வளைவிலிருந்து இருவரும் ஒன்றாக வெளியே வந்தோம். அவர் வண்டி ஒரு கணம் முனகி நின்றது, என்னுடையது இழுத்துக்கொண்டு போய்விட்டது. நேர்ப்பாதையின் கடைசியில் அவர் என்னைப் பிடித்தார், அதுவும் உண்மை. ஆனால் அந்த ஒரு கணத்தை மறக்க முடியவில்லை.

காரணம் இதுதான். வால்வு திறந்ததும் அழுத்த அலை ஒன்று குழாயில் ஓடுகிறது. குழாய் முடிந்து, எல்லாம் ஒன்று சேரும் கலெக்டர் விரிகிற இடத்தில் அது உறிஞ்சும் அலையாகத் திரும்பி வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்குள், இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் நேரத்தில் அது வந்து சேர்ந்தால் மிச்சப் புகையை இழுத்து, புதுக்காற்றையும் கூட்டி வரும். குழாய் நீளமாக இருந்தால் அலை தாமதமாக வரும், அதனால் குறைந்த, நடுத்தர ஆர்பிஎம்மில் பலன். ஷார்ட்டியில் அலை மிகச் சீக்கிரம் திரும்பிவிடுகிறது, சாலையில் ஓட்டும் வேகத்தில் அந்த உதவி பெரும்பாலும் வீண். 4-2-1 எடுத்தால் 1, 4 ஒரு ஜோடி, 2, 3 இன்னொரு ஜோடியா என்று பாருங்கள், சிலிண்டர்கள் எரியும் வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2 என்பதால் அப்படித்தான் சேர வேண்டும். ஜோடியை மாற்றி வெல்டிங் செய்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்புறம், சாதாரண இரும்புக் குழாய்க்கு வெப்பத் துணி சுற்றாதீர்கள், ஈரம் பிடித்துத் துருவேறி ஓட்டை விழும். செராமிக் கோட்டிங் கொடுங்கள். தெருவில் ஓட்டும் வண்டி என்றால் வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

ஹூஸ்டன்_மணி:
ரேசர் தம்பி, என் புகார் உச்ச எண்ணைப் பற்றி இல்லை. கோடு கிட்டத்தட்ட முழுவதும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தது என்றுதானே எழுதினேன். நீங்கள் சொன்ன அலைக் கணக்குப்படியே பார்த்தாலும் ஷார்ட்டிக்குப் பதில் ஷார்ட்டி போட்டால் என்ன மாறும்? வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் இருக்கிற பழைய வண்டிக்கு ஷார்ட்டி கொஞ்சம் கொடுக்கும், மறுக்கவில்லை. முதலில் ஃபாக்டரி என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் விற்கிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

டெட்ராய்ட்_ஜோசப்:
5.3 லிட்டர் சில்வராடோ டிரக் வைத்திருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்ததுதான், மேனிஃபோல்டின் கடைசி போல்ட் ஒடியும். எனக்கு ஷார்ட்டி மாட்டப் போன அன்று அந்த போல்டின் தலை ஏற்கெனவே ஒடிந்து போயிருந்தது. இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள், எதுவும் சுலபமாகக் கழலாது. வெல்டர் ஒருவர் உள்ளே ஒடிந்து நின்ற துண்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் ஓட்டை வழியாகவே வெல்டிங் செய்து இரண்டையும் ஒட்டினார். செக்கச் சிவந்திருந்தது. அவசரப்படவில்லை. சிவப்பு மங்கிய பிறகு ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் அசைத்தார், கிறீச்சென்று முழுசாக வந்துவிட்டது. அப்படி ஒரு கைப்பக்குவத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாலு சக்கர இழுவை உள்ள டிரக்குக்கு லாங் ட்யூப் எடுப்பவர்கள் முன் சக்கரங்களைச் சுழற்றும் ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டல்லாஸ்_பாண்டி:
வள்ளி சொன்னபடி கேட்டோடு வரும் செட்டின் விலையைப் பார்த்தேன். பரவாயில்லை, அதையே எடுக்கிறேன். குமரன், கேஸ்கட் எது போட்டீர்கள்?

மெல்பர்ன்_குமரன்:
பல அடுக்கு ஸ்டீல் கேஸ்கட், எஞ்சின் கம்பெனியுடையதே. ஹெடர் பெட்டியில் வந்ததைப் போடாதே தம்பி. மாட்டியதும் ஒருமுறை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டு, ராத்திரி முழுக்க ஆறவிட்டு மறுநாள் எல்லா போல்டையும் திரும்ப முறுக்கு. ஏழாம் சிலிண்டருக்குச் சாதாரண ஸ்பேனர் நுழையாது. குட்டை ஸ்பேனர் ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்.