புதுப்பிப்பு: ஏற்காட்டுக்காரரைக் கண்டுபிடித்துவிட்டேன்

சேலத்தில் கல்லூரியில் படித்தபோது நான் விரும்பிய ஏற்காட்டுப் பெண்ணை இந்த வயதில் எப்படித் தேடுவது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முகநூல் உதவவில்லை. “மே மாதம் ஏற்காட்டுல சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போங்க, வெளியூர் போனவங்களும் வருவாங்க” என்று ஒருவர் சொன்னதுதான் பலித்தது. அங்கே அந்தப் பெண்ணின் அண்ணனைப் பார்த்தேன். நான் தங்கையின் நம்பரைக் கேட்கவில்லை, என் நம்பரை மட்டும் கொடுத்தேன். இதுவும் இங்கே வந்த யோசனைதான். தேடுகிறவர்கள் இதைக் கட்டாயம் கடைப்பிடியுங்கள், பேசுவதா வேண்டாமா என்பது நீங்கள் தேடும் நபரின் முடிவு.

அடுத்த வாரமே அழைத்தார். கணவர் காலமாகிவிட்டாராம், நானும் தனிதான். ஏரிக்கரையில் காபி குடித்தோம். எதிர்பாராதது ஒன்று: என் கடிதங்கள் எதுவும் அவருக்கு நினைவில்லை. ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் நான் வாந்தி எடுத்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது! இப்போது அடிக்கடி பேசுகிறோம். பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை.