'ஆலடி வீடு' வாட்ஸ்அப் குழு (கவிதாவின் போனில் பெயர்கள் உள்ளபடி): கஜா புயல் அடித்த ஆறாம் நாளும் ஏழாம் நாளும்

புதன், 21.11.2018

கவிதா (காலை 7.10): சித்தப்பா, கரண்ட் வந்துவிட்டதா?

மணி சிங்கப்பூர்: அக்கா, அப்பா போன் இரண்டு நாளாக அணைந்தே கிடக்கிறது. யாரிடமாவது பேசினாரா?

அத்தை: நேற்று சாயங்காலம் ஒரு நிமிடம். அம்மா நலம் என்றான். அதோடு கட்.

பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம். புயலைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று அனுப்புகிறீர்கள். ஆகவே விளக்கிவிடுகிறேன். கஜ என்றால் யானை. பெயர் கொடுத்தது இலங்கை. 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, நள்ளிரவு தாண்டி, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. கரையேறினால் காற்று அடங்கிவிடும் என்றுதான் நினைப்போம். இது அடங்காமல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை என்று உள்ளே புகுந்து திண்டுக்கல் வரை மரங்களைச் சாய்த்துக்கொண்டே போனது. 1952 நவம்பர் 30 புயலில் எனக்கு நாலு வயது. அம்மா என்னை நெல் குதிருக்குள் இறக்கி, குதிர் வாயில் முறத்தைக் கவிழ்த்துவிட்டது. அன்றைக்கு நம்மிடம் தென்னை கிணற்றடியில் நாலே நாலு. நெல் ஒரு போகம் போனால் அடுத்த போகம் உண்டு. புது ஆற்று (கல்லணைக் கால்வாய்) தண்ணீரைக் கடைமடையில் நம்ப முடியாமல் போன பிறகுதான் ஊரே போர்வெல் போட்டுத் தென்னைக்கு மாறியது. அதில்தான் விஷயம் இருக்கிறது. அதாவது

மணி சிங்கப்பூர்: பெரியப்பா, கரண்ட்?

பெரியப்பா: அதற்குத்தான் வருகிறேன்.

குமார் திருப்பூர்: அப்பா, இது வகுப்பு இல்லை. குழு.

பெரியப்பா: வகுப்பில் நீ தூங்கினாய். அதனால்தான் பனியனுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருக்கிறாய்.

அத்தை: விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள் அப்பனும் பிள்ளையும்.

சித்தப்பா (பகல் 12.40): பாலத்து மேல் நிற்கிறேன். இங்கேதான் டவர் கிடைக்கிறது. கரண்ட் இல்லை. மெயின் ரோட்டில் கம்பம் நடுகிறார்கள். கேரளாவிலிருந்து கூட லைன்மேன்கள் வந்திருக்கிறார்கள். நம் தெருவுக்கு எப்போது என்று யாருக்கும் தெரியாது. டேங்குக்கு ஜெனரேட்டர் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறோம், வீட்டுக்கு 50 ரூபாய் வசூல்.

கவிதா: அப்பாயி?

சித்தப்பா: சாப்பிடுகிறது. தோப்புப் பக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

சித்தப்பா: எண்ணிவிட்டேன். 210 தென்னையில் 194 போச்சு. நிற்கிற 16இல் ஒன்பதுக்குக் குருத்து முறுக்கிக்கொண்டது. அதுவும் தேறாது.

மணி சிங்கப்பூர்: என் மரம்?

சித்தப்பா: அது நிற்கிறது.

குமார் திருப்பூர்: காய்க்காத மரத்துக்கு மட்டும் சாவே கிடையாதா

கவிதா: மணி பிறந்த வாரம் அப்பாயி நட்டது. 28 வருஷமாக ஒரு குரும்பை கூட விட்டதில்லை.

அத்தை: அப்படியே அவன் கல்யாணப் பேச்சையும் எடுக்கலாம்.

மணி சிங்கப்பூர்: புயலைப் பற்றிப் பேசுவோம் அத்தை.

சித்தப்பா: பேட்டரி கம்மி. கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். ஆபீஸர் வந்து எண்ணும் வரை மரத்தைத் தொடாதே என்கிறார்கள். அறுத்துவிட்டால் கணக்கில் வராதாம். யார் சொன்னது என்று கேட்டால் "எல்லாரும் சொல்கிறார்கள்" என்கிறார்கள். அறுக்காமல் போட்டு வைத்தால் வண்டு வரும். என்ன செய்ய?

கவிதா: போட்டோ எடுத்து வைத்துவிட்டு அறுத்துவிடுங்கள்.

சித்தப்பா: 194க்குமா? ஒரு போன் சார்ஜ் ஏற்றவே கால் கடுக்க நிற்கிறோம்.

பெரியப்பா: அரசு அறிவிப்பை எல்லோரும் கவனமாகப் படிக்கவும். மரம் ஒன்றுக்கு 600 ரூபாய். வெட்டி அகற்ற 500. ஆக 1,100. ஹெக்டேருக்கு 175 மரம் என்ற கணக்கில் 1,92,500. நமக்கு 3 ஏக்கர், 1.2 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேலே. 194 மரமும் வரம்புக்குள்தான் வருகிறது. 194 × 1,100 = 2,13,400.

குமார் திருப்பூர்: சித்தப்பா, 45 நாளைக்கு ஒரு காய் வெட்டு. போன வெட்டில் எவ்வளவு வந்தது?

சித்தப்பா: அதைக் கேட்காதே.

பெரியப்பா: வண்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காண்டாமிருக வண்டு அழுகின மரத்தில்தான் முட்டையிடும். புழு வளர்வது அதற்குள். வளர்ந்த வண்டு பறந்து போய் நல்ல மரத்தின் குருத்தைத் துளைக்கும். இப்போது மாவட்டம் முழுக்க அழுகப்போகிற மரம். புதிதாகக் கன்று நட்டாலும் அதைத்தான் முதலில் தின்னும். எனவே மரங்களை உடனே அப்புறப்படுத்த வேண்டும். ஆனால் எண்ணிக்கை முடியும் வரை பொறுத்திருக்கவும் வேண்டும்.

மணி சிங்கப்பூர்: அறுக்கவா வேண்டாமா பெரியப்பா?

பெரியப்பா: அதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா: இன்னொன்று. தோப்புப் பட்டா இன்னும் அப்பா பெயரில் இருக்கிறது. அப்பா போய் 19 வருஷம். பட்டா, சிட்டா, அடங்கல், பாங்க் புத்தகம் எல்லாம் ஒரே பெயரில் கேட்கிறார்கள். நான் எந்தப் பெயரில் எழுதிக் கொடுக்க?

பெரியப்பா: 2006இலேயே பெயர் மாற்ற நான் விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்தேன். கையெழுத்துப் போடாதது யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்.

அம்மா: அவர் போய்ச் சேர்ந்துவிட்டார் மாமா. அவரை இழுக்க வேண்டாம்.

பெரியப்பா: நான் யார் பெயரையும் சொல்லவில்லையே.

குமார் திருப்பூர்: (இந்தச் செய்தி நீக்கப்பட்டது)

கவிதா: படித்துவிட்டேன் அண்ணே.

குமார் திருப்பூர்: சாரி சித்தி. சாரி கவிதா.

மணி சிங்கப்பூர்: எல்லா வாரிசும் சேர்ந்து அப்பாவுக்கு ஒரு சம்மதக் கடிதம் கொடுத்தால் போதாதா? பணம் வந்த பிறகு பிரித்துக்கொள்ளலாம்.

அத்தை: எத்தனை கையெழுத்து? நாலா, ஐந்தா?

சித்தப்பா: ஐந்து. அம்மா, பெரியண்ணன், சின்ன அண்ணி, நான், நீ.

அத்தை: என்னையும் சேர்த்தா! 2006 விண்ணப்பத்தில் என் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லையே.

பெரியப்பா (மாலை 4.15): கார்த்திகை மாதத்தில் சூரிய உதயத்துக்கு முன் நீராடுவதன் ஆறு பலன்கள்! பகிரவும்.

கவிதா: பெரியப்பா, டேங்குத் தண்ணீர் வீட்டுக்கு 50 ரூபாய்.

அத்தை: பணம் எனக்கு வேண்டாம். கேட்டிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

சித்தப்பா: இப்போது கேட்கிறேன் அக்கா.

அத்தை: சரி.

வியாழன், 22.11.2018

ரேவதி: இன்றைக்கு ராத்திரி இன்னொரு புயல் வருகிறதாமே? கஜாவைவிடப் பெரிசாம். ஒருத்தர் அழுதுகொண்டே பேசுகிற ஆடியோ வந்தது. கேளுங்கள்.

கவிதா: அனுப்பாதே.

ரேவதி: அனுப்பிவிட்டேனே.

பெரியப்பா: அது காற்றழுத்தத் தாழ்வு. மழைதான். தாழ்வுப் பகுதி, தாழ்வு மண்டலம், புயல் ஆகிய மூன்றும் வேறு வேறு.

குமார் திருப்பூர்: அப்பா, மழை வருமா என்று மட்டும் சொல்லுங்கள்.

பெரியப்பா: வரும்.

சித்தப்பா: வந்துகொண்டிருக்கிறது. ஓடு போன இடத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கிறேன். தார்ப்பாய் விலையைச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

மணி சிங்கப்பூர்: முதலமைச்சர் டெல்லியில் 15,000 கோடி கேட்டிருக்கிறாராம்.

அத்தை: போன வருஷம் நான் உன்னிடம் கேட்ட மிக்ஸி மாதிரியா?

குமார் திருப்பூர்: எல்லோரும் கேளுங்கள். நாளை ராத்திரி இங்கிருந்து வேன் கிளம்புகிறது. கம்பெனிப் பசங்க சேர்த்தது. 300 போர்வை, 60 தார்ப்பாய், கொசுவத்தி, பிஸ்கட், புது பனியன். சனிக்கிழமை காலை ஊரில் இருப்போம்.

பெரியப்பா: ஆகஸ்டில் கேரள வெள்ளத்துக்கு ஒரு வேன். இப்போது ஒரு வேன். வட்டிக்கு வாங்கி வேன் விடுகிறான்.

குமார் திருப்பூர்: இது வசூல் பணம் அப்பா.

ரேவதி: எங்கள் அபார்ட்மெண்டில் துணி சேர்த்திருக்கிறோம், நாலு மூட்டை. அதையும் ஏற்றிக்கொள்ளுங்கள் அண்ணே.

சித்தப்பா: பழசு வேண்டாம் ரேவதி. நேற்று யாரோ ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனது மழையில் நனைந்து கிடக்கிறது. மாடுகூட முகர்ந்து பார்க்கவில்லை.

ரேவதி: ஐயோ, நல்ல துணி மாமா!

குமார் திருப்பூர்: வண்டியை மறிக்கிறார்களாமே சித்தப்பா? கொத்தமங்கலத்தில் அதிகாரிகள் ஜீப்பையே கொளுத்திவிட்டார்கள்.

சித்தப்பா: எட்டிப் பார்க்காவிட்டால் கோபம் வராதா? மறித்தால் இறங்கிப் பேசு. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்காராதே. மெயின் ரோட்டுக்காரர்களுக்கு நாலு தரம் கிடைத்துவிட்டது. உள்ளே வா. தெற்குத் தெருவில் இதுவரை ஒரு வண்டி போகவில்லை. எல்லோரும் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறார்கள்.

பெரியப்பா: முதலில் நம் தெருவில் உள்ளவர்களுக்கும் கொஞ்சம்

சித்தப்பா: நம் தெருவில் எல்லோருக்கும் மாடி இருக்கிறது அண்ணே.

சித்தப்பா: சின்னையன் குடிசை தரையோடு தரை. அதற்கு 10,000 எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். வந்தால் சரி. ஆனால் அவன் 30 வருஷமாக நம் மரம் ஏறுகிறவன். ஏற மரம் இல்லை. அவன் பெண்சாதி கீற்று முடைகிறது. இப்போது கீற்று மலைபோல் கிடக்கிறது, அடுத்த வருஷம் ஒன்று கிடைக்காது. மட்டை உரிக்கிற ஆட்களும் அப்படித்தான். மரத்துக்கு 1,100 நமக்கு. பட்டா இல்லாதவனுக்கு எந்தக் காலம்?

பெரியப்பா: அதற்குத் தனித் திட்டம் வரலாம்.

சித்தப்பா: நேற்று அம்மாவும் இதைத்தான் கேட்டது. 2,13,400 என்றதும், சின்னையனுக்கு எவ்வளவு என்றது. முழித்தேன்.

கவிதா: வருகிறதில் அவருக்கு ஒரு பங்கு என்று இப்போதே எழுதிவிடலாமா?

அம்மா: எங்கள் பங்கிலிருந்து கொடுக்கலாம்.

அத்தை: என் பங்கை முழுசாகக் கொடு தம்பி. பங்கு உண்டு என்று எழுதினால்தானே கொடுக்க முடியும், அதற்காகவாவது எழுது.

பெரியப்பா: முதலில் பணம் வரட்டும். வராத பணத்துக்குப் பாகப்பிரிவினை வேண்டாம்.

குமார் திருப்பூர்: இதுவரை நீங்கள் சொன்னதில் இதுதான் சின்ன மெசேஜ்.

மணி சிங்கப்பூர்: கன்று நடுவதா, திரும்ப நெல்லுக்கே போவதா? நட்டால் காய்க்க எத்தனை வருஷம்?

சித்தப்பா: குட்டை ரகம் மூணு நாலு வருஷம். நெட்டை ஆறேழு. எனக்கு 61.

கவிதா: சித்தப்பா, கையெழுத்துக்கு நாங்கள் சனிக்கிழமையே வரவா?

சித்தப்பா: வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ண வருவார்கள் என்கிறார்கள். திங்கள் என்றும் சொல்கிறார்கள். பாதை அடைத்துக் கிடக்கிற 12 மரத்தை மட்டும் போட்டோ எடுத்துவிட்டு இன்றைக்கு அறுக்கிறேன். மற்றது கிடக்கட்டும்.

பெரியப்பா: அறுக்கும்முன் சுண்ணாம்பில் எண் போடவும். அடிமரத்திலிருந்து மூன்று அடி உயரத்தில், வடக்கு நோக்கி. ஏன் வடக்கு என்றால்

சித்தப்பா: சித்தி பேசுகிறேன். அவர் ரம்பக்காரரைக் கூப்பிடப் போய்விட்டார். நாளைக்குத் தீபம். ஊரே இருட்டாகத்தான் கிடக்கிறது, உங்கள் அப்பாயி நூறு அகல் கழுவி வைத்திருக்கிறார்கள். எண்ணெய் கிடைத்தால் வேனில் போட்டுவிடு குமார். மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம், வீடு நிறையக் கிடக்கிறது.

சித்தப்பா: சனிக்கிழமை யார் யார் வருகிறீர்கள்? ஆளைச் சொன்னால் அரிசி ஊறவைப்பேன். மிஷின் ஓடவில்லை, ஆட்டுக்கல்லில்தான் அரைக்க வேண்டும்.

குமார் திருப்பூர்: வேனோடு ஏழு பேர். இட்லி வேண்டாம் சித்தி, கஞ்சி போதும்.

கவிதா: நானும் அம்மாவும். டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில் இருக்கிறது.

அத்தை: நான் வருவேன். மூத்தவர் வந்தால் தனி பஸ்ஸில் வருவேன்.

பெரியப்பா: முழங்கால் வலி. டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன்.

அத்தை: அப்படியானால் தஞ்சாவூரில் இறங்கி நானே கூட்டிக்கொண்டு வருகிறேன்.

சித்தப்பா: அப்போ எத்தனை பேர் என்று வைக்கட்டும்?

மணி சிங்கப்பூர்: என்னைக் கணக்கில் சேர்க்காதே அம்மா.