புதுப்பிப்பு: டாம்கேட் 10-இல் வந்த 404 தீர்ந்தது

டெபியன் 12 லினக்ஸுக்கு மாறியபின், வார் கோப்பு (ஜாவா வெப் செயலியின் தொகுப்பு) டாம்கேட் சர்வரில் ஒழுங்காக டிப்ளாய் ஆகியும் எல்லா சர்வ்லெட்டும் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸ்) 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற பிழை தருகிறது, லாகில் பிழையே இல்லை என்று கேட்டிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது.

டெபியன் 12 தருவது டாம்கேட் 10. அதில் ஜாவாஎக்ஸ்.சர்வ்லெட் என்ற பேக்கேஜ் பெயரே ஜகார்த்தா.சர்வ்லெட் என மாறிவிட்டது. சர்வ்லெட்டைப் பதிவுசெய்யப் பழைய பெயரில் எழுதிய வெப்சர்வ்லெட் குறிப்பை (அனோட்டேஷன்) டாம்கேட் கண்டுகொள்வதில்லை. சர்வ்லெட் பதிவாகாது, பிழையும் விழாது. ஆளை அலைக்கழிப்பது இந்த மௌனம்தான். செயலியின் அமைப்புக் கோப்பான வெப்.எக்ஸ்எம்எல்-இல் சர்வ்லெட்டைப் பதிந்திருந்தால் கிளாஸ் கிடைக்கவில்லை என்றாவது லாக் சொல்லும்.

உடனடித் தீர்வு: வார் கோப்பை வழக்கமான வெப்ஆப்ஸ் ஃபோல்டரில் போடாமல், பக்கத்திலேயே வெப்ஆப்ஸ்-ஜாவாஈஈ என்ற ஃபோல்டரில் போடுங்கள். டாம்கேட்டே பழைய பெயர்களைப் புதியதாக மாற்றி வெப்ஆப்ஸ்-இல் வைத்துவிடும். நிரந்தரமாக வேண்டுமென்றால் இம்போர்ட் வரிகளை மாற்றி மறுபடி பில்ட் செய்வதே சரி. ஆனால் ஜாவாஎக்ஸ்.எஸ்கியூஎல், ஜாவாஎக்ஸ்.நேமிங் இரண்டையும் தொடாதீர்கள். அவை ஜாவாவின் அடிப்படைத் தொகுப்பான ஜேடிகே-வைச் சேர்ந்தவை. செயலியில் ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க் 5 இருந்தால் 6-க்குப் போகவேண்டும், அதற்கு ஜாவா 17 தேவை.

404 போனபின் கோப்பு அப்லோட் மட்டும் 'ரீட்-ஒன்லி' பிழை தந்தது. பர்மிஷன் சரியாகவே இருந்தது, தடுத்தது சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கி நிர்வகிக்கும் நிரல்). டாம்கேட் சர்வீஸின் ஓவர்ரைடு கோப்பில், சர்வீஸ் பகுதியின் கீழ் ரீட்ரைட்பாத்ஸ் வரியில் அப்லோட் ஃபோல்டரைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது.