பரிசு நின்றதும் ஊக்கமும் நின்றுவிடுகிறது: ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் தலைமைப் பண்பு பற்றி

கேள்வி: கோத்தகிரி வட்டம், அரசுப் பள்ளி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்பின் வகுப்பாசிரியை. என் வகுப்பில் 31 பேர் படிக்கிறார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்தும், மற்றவர்கள் சுற்றியுள்ள ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களிலிருந்தும் வருகிறார்கள். அரசுப் பள்ளி மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்க 2024இல் தொடங்கிய மகிழ் முற்றம் திட்டப்படி குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று எங்கள் பள்ளியிலும் குழுக்கள் உண்டு. ஆனால், எந்தப் பொறுப்புக்கு ஆள் கேட்டாலும் அதே நான்கு பேர்தான் கை தூக்குகிறார்கள்.

மற்றவர்களையும் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்று, வாரந்தோறும் சிறப்பாகப் பொறுப்பேற்ற ஒருவருக்கு என் சொந்தச் செலவில் பேனாவோ ஜியாமெட்ரி பாக்ஸோ கொடுத்து வந்தேன். இரண்டு மாதம் வகுப்பே மாறிவிட்டது போலிருந்தது. செப்டம்பரில் பரிசை நிறுத்தினேன். அடுத்த வாரமே வகுப்பு நூலகப் பதிவேட்டை எழுத ஆள் இல்லை.

பிறகு, "தலைவர் என்றால் யார்?" என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். மேஸ்திரி, ஊர்த் தலைவரான கௌடர், கவுன்சிலர் என்றே பெரும்பாலோர் எழுதினார்கள். தம் வயதுடைய ஒருவரை யாரும் குறிப்பிடவில்லை. ஒரு பெண்ணைத் தலைவராக எழுதிய பெண் பிள்ளைகூட இல்லை. ஒரு மாணவி தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டாள். அவள் அம்மா கொழுந்து பறிக்கிறார். அவள் வகுப்பில் வாய் திறப்பதே அரிது. பரிசு இல்லாமல் இவர்கள் தங்களுக்குள் இருக்கும் விருப்பத்தைக் கண்டுகொள்ள நான் என்ன செய்ய வேண்டும்? அந்தப் பெண்ணை எப்படிப் பேச வைப்பது?

பதில் 1: பந்தலூர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

அம்மா, உங்கள் அனுபவம் புதிதல்ல. 1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள மழலைப் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொல்லி வரைய வைத்தார்கள். சில நாட்கள் கழித்து அக்குழந்தைகளைத் தம் போக்கில் விட்டபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த நேரமே வரைந்தார்கள். அதுவரை விளையாட்டாக இருந்தது கூலி வேலையாகிவிட்டது.

இதற்கு முன்பே, 1939இல், உளவியலாளர் கர்ட் லெவினும் அவருடன் பணியாற்றியவர்களும் பத்து வயதுச் சிறுவர் குழுக்களை வைத்து மற்றொன்றைக் கண்டார்கள். அதட்டி நடத்தும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் வேலை தளர்ந்தது. கலந்து பேசி நடத்திய குழுவில் அவர் இல்லாதபோதும் வேலை நடந்தது. எந்தப் பயிற்சியைத் தொடங்கினாலும், "நான் வெளியே போனால் இங்கே என்ன நடக்கும்?" என்பதையே நான் அளவுகோலாக வைத்திருந்தேன்.

எங்கள் பகுதியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளியில் ஒரு மழைமானியை வைத்து, தினமும் காலை 8.30க்கு அளவெடுக்கும் பொறுப்பை மாணவர்களிடமே விட்டேன். யார் எடுப்பது, விடுமுறை நாளில் யார் வருவது, எப்படி எழுதுவது என்பதையெல்லாம் அவர்களே முடிவு செய்தார்கள். முதல் ஆண்டு ஜூலையில் மட்டும் பதினொரு நாட்கள் விடுபட்டன. நிரப்பிவிட என் கை பரபரத்தது உண்மை, ஆனாலும் நிரப்பவில்லை. ஒருநாள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி ஒருவர், உரம் போடும் நாளைத் தீர்மானிக்க மழைக்கணக்குக் கேட்டு வந்தார். பிள்ளைகள் ஓட்டை விழுந்த பதிவேட்டை நீட்டிவிட்டுத் தலைகுனிந்து நின்றார்கள். அடுத்த ஆண்டு ஒரு நாளும் விடுபடவில்லை. செய்யாமல் விட்டால் யாருக்காவது இழப்பு நேரும் வேலையாகப் பார்த்துக் கொடுங்கள். பலகையை அழிப்பதும் வரிசையை ஒழுங்குபடுத்துவதும் அப்படிப்பட்டவை அல்ல.

பதில் 2: மன்னவனூர்ப் பக்கம், பட்டதாரி ஆசிரியர்

ஐயா சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒரு சிறு திருத்தம் தேவை. அதே 1973 ஆய்வில், முன்னறிவிப்பு இல்லாமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்குப் பாராட்டே கிடையாது என்றால் அதுவும் கொடுமைதான். "நல்ல பிள்ளை" என்று பொதுவாகச் சொல்லாமல், "நேற்று நீ அந்தச் சண்டையை விலக்கிவிட்ட விதம் நன்றாக இருந்தது" என்று நடந்ததைச் சுட்டிச் சொல்லுங்கள்.

எங்கள் ஊரில் பூண்டு எடுக்கும் பருவத்தில் வருகை குறையும். அதைப் படிப்பில் அக்கறையின்மை என்றே பல ஆண்டுகள் நினைத்திருந்தேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றிப் பாடத்தின் நடுவே பேச்சு வந்தபோது, "அப்படியானால் விலையை யார் தீர்மானிக்கிறார்கள்?" என்று கேட்டேன். கடைசி இருக்கையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். தந்தையோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போய் வருபவன். பூண்டை எப்படித் தரம் பிரிக்கிறார்கள், எந்த இடத்தில் விவசாயி ஏமாறுகிறார், ஈரம் காயாமல் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று பாடவேளை முடியும்வரை அவன் பேசினான். வகுப்பே கேள்வி கேட்டது. அதுவரை அவனை மந்தமானவன் என்று நான் மதிப்பெண் பட்டியலில் ஒதுக்கி வைத்திருந்தேன். அதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அன்று முதல் "நீ என்னவாகப் போகிறாய்?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும், "இந்த வாரம் யாரும் சொல்லாமலேயே நீ செய்த வேலை எது? ஏன் செய்தாய்?" என்று கேட்டு நான்கு வரி எழுத வைக்கிறேன். அதற்கு மதிப்பெண் கிடையாது. வகுப்பில் வாசித்தும் காட்டுவதில்லை. உங்கள் மாணவி தாளை வெறுமையாகக் கொடுத்ததற்கு, கேள்வியில் அவளுக்கு இடம் இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

பதில் 3: குன்னூர், முன்னாள் மாணவி

நானும் பேசாத பிள்ளையாக இருந்தவள்தான். கூச்சம் போகட்டும் என்ற நல்லெண்ணத்தில், என்னைக் கேட்காமலேயே ஓர் ஆசிரியை என்னைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தை நடத்தச் சொன்னார். முழுப் பள்ளியும் பார்த்திருக்க அழுதேன். மூன்று நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை. வேறோர் ஆசிரியர் தனியாக அழைத்து, "ஆய்வகச் சாவியை நீ வைத்துக்கொள்கிறாயா? வேண்டாம் என்றாலும் சரி" என்று கேட்டார். மறுக்கலாம் என்று அவர் சொன்னதாலேயே நான் ஒப்புக்கொண்டேன். டீச்சர், அவளைப் பேச வைப்பதை இலக்காக வைக்காதீர்கள். தனியாகக் கேளுங்கள், மறுக்கவும் இடம் கொடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி, இரண்டு வாரங்களுக்குப் பிறகு

மூவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமைக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். அந்த மாணவி ஒரே வரி எழுதியிருந்தாள்: "சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவேன்." எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை மாலை அவளிடம் கேட்டுக்கொண்டு அவர்களுடன் நடந்தேன்.

சாலையிலிருந்து லைன் வீடுகளுக்குத் தேயிலைக்குள் ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்தப் பக்கம் கரடி நடமாட்டம் உண்டு. மொத்தம் ஏழு பிள்ளைகள். சிறியவர்களை நடுவில் விட்டு, எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கடைசியில் வரச் சொல்லி, அவள் முன்னால் நடந்தாள். புதர் மண்டிய வளைவுக்கு முன்பு எல்லோரையும் நிறுத்தி, சாப்பாட்டு டப்பாவைத் தட்டி ஓசை எழுப்பி, சற்றுப் பொறுத்து, தலைகளை எண்ணிவிட்டுத்தான் மேலே போனாள். யாரும் ஓடக் கூடாது என்பது அவள் வைத்த விதி. ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட அதை மீறவில்லை. இரண்டு ஆண்டுகளாக இப்படி நடக்கிறதாம். யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாராவது எண்ண வேண்டும் அல்லவா, டீச்சர்?" என்றாள்.

தொலைவிலிருந்து நடந்து வரும் மற்றப் பிள்ளைகளுக்காக வழி வரைபடமும் நடைமுறையும் எழுதித் தர விருப்பமா என்று மறுநாள் தனியாகக் கேட்டேன்; வேண்டாம் என்று சொன்னாலும் வருத்தமில்லை என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள். காத்திருக்கிறேன்.