புதுப்பிப்பு: ப்ராசசர் மூடியைக் கழற்றியாச்சு, சூடு இறங்கிருச்சு

போன மாதம் கேட்டிருந்தேன்: என் கம்ப்யூட்டரின் இன்டெல் ஐ7-8700கே ப்ராசசரை 4.8 கிகாஹெர்ட்ஸில் ஓவர்கிளாக் செய்தால் (வழக்கமான வேகத்தைத் தாண்டி ஓட்டினால்) 94 டிகிரி தொடுகிறது, உள்ளே இருக்கும் பேஸ்டை மாற்ற அதன் மேல்மூடியைக் கழற்றலாமா என்று. கழற்றிவிட்டேன்.

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் மத்தியானம் என் அறையே 34 டிகிரி, ஏசி கிடையாது. மூடி கழற்றும் கருவியில் ப்ராசசரை வைத்துத் திருகத் திருக, 'டொக்' என்று ஒரு சத்தம். உயிரே போய்விட்டது. நல்லவேளை, நகர்ந்தது மூடி மட்டும்தான். இந்த மாடலில் சில்லுக்கும் மூடிக்கும் நடுவே சாலிடர் (உருக்கி ஒட்டிய உலோகம்) இல்லை, சூட்டைக் கடத்தும் வெறும் பேஸ்ட். அது காய்ந்து பொருக்காக உதிர்ந்தது. மூடியின் ஓரத்தை ஒட்டியிருந்த கறுப்புப் பசையைப் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன்.

அடுத்துப் பூசும் லிக்விட் மெட்டல் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், சில்லுக்குப் பக்கத்து மின்புள்ளிகளை அக்காவின் நெயில் பாலிஷால் மூடினேன். (சிவப்பு. இன்னும் திட்டுகிறாள்.) அப்புறம் பேஸ்டுக்குப் பதிலாகக் கடுகளவு லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்), பாதரசம் மாதிரி உருண்டு ஓடுகிறது, பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேய்த்தால்தான் பரவும். அதில் கேலியம் என்ற உலோகம் இருப்பதால் அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும், ஜாக்கிரதை.

இப்போது அதே 4.8 கிகாஹெர்ட்ஸில் 77 டிகிரி. ஆனால் உப்புக்காற்றில் கூலர் திருகு துருப்பிடிப்பதைத் தடுக்க மட்டும் வழி தெரியவில்லை. மூடியைத் திரும்ப ஒட்டவில்லை. சாக்கெட் கிளிப்பே பிடித்துக்கொள்கிறது. இன்டெல் ஐ9-9900கே ப்ராசசர் வைத்திருப்பவர்கள் அவசரப்படாதீர்கள், அதில் சாலிடர்.