எலிப்பொறி கார் 4 மீட்டரில் நின்றுவிடுகிறது, ஸ்பிரிங் மாற்றலாமா?

குன்னூர்_டிப்ளமோ:

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் டிப்ளமோ மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஸ்பிரிங்கில் ஓடும் கார் ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பேட்டரி, மோட்டார், ரப்பர் பேண்ட் எதுவும் கூடாது, மார்க்கெட்டில் விற்கிற மரப்பலகை எலிப்பொறி ஒன்று, அதன் ஸ்பிரிங் மட்டும்தான். இரண்டு சுற்று. முதல் சுற்றில் காலேஜ் வராண்டாவில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். இரண்டாவது சுற்றில் 12 அடிக்கு ஒரு அடி உயரும் பலகையில் ஏற வேண்டும், அதற்கு எங்கள் டிபார்ட்மெண்டில் வைத்திருக்கும் பெயர் ‘மலை ரயில்’.

என் காரின் எடை 300 கிராம். சக்கரம் நான்கும் பழைய சி.டி., 12 செ.மீ. விட்டம். பின் ஆக்சில் 6 மி.மீ. கம்பி, சின்ன பேரிங் போட்டிருக்கிறேன். பொறியின் கம்பியில் 25 செ.மீ. நீளத்துக்கு ஒரு கை கட்டி, அதன் நுனியிலிருந்து தூண்டில் நூலை ஆக்சிலில் சுற்றியிருக்கிறேன். கணக்குப்படி 10 மீட்டராவது போக வேண்டும், போவது 4 மீட்டர். போன வாரம் மூடுபனி இறங்கிய ஒரு காலையில் மூன்று மீட்டர்கூடப் போகவில்லை. ஏற்றப் பலகையில் வைத்தால் அசையவே இல்லை, கையால் தள்ளினால் பின்னால் உருள்கிறது.

ஸ்பிரிங்கில் தெம்பு இல்லை என்று நினைக்கிறேன். அதையே சூடாக்கி இன்னும் ஒரு சுற்று இறுக்கலாம் என்கிறான் ஃபிரெண்ட். செய்யலாமா? இல்லை பெரிய பொறியாக வாங்கட்டுமா?

கூடலூர்_பையன்:

பெரிய பொறி வாங்கு ப்ரோ, வேலை முடிந்தது. நாங்கள் பள்ளியில் செய்தபோது பெருச்சாளிப் பொறிதான் வைத்தோம், ரூல் எல்லாம் யாரும் பார்க்கவில்லை. அப்புறம் ஊட்டிக்குக் கொண்டுபோய் ஓட்டிப் பார், 2,240 மீட்டர் உயரத்தில் காற்று லேசாக இருக்கும், இன்னும் தூரம் போகும்.

பழைய_ஃபிட்டர்:

தம்பி, முதலில் அந்த ஸ்பிரிங்கைச் சூடாக்காதே. நெருப்பில் காட்டினால் ஸ்பிரிங் கம்பியின் பதம் போய்விடும், அப்புறம் அது வெறும் கட்டுக்கம்பிதான், வளைத்தால் வளைந்தபடியே நிற்கும். முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவன் சொல்கிறேன், நல்ல ஸ்பிரிங்கை இப்படிக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். கை வைக்கும்போது விரலையும் பார்த்துக்கொள், அந்தக் கை அடித்தால் நகம் கறுத்துவிடும்.

நீ தேட வேண்டியது புது ஸ்பிரிங் இல்லை, இருக்கிற ஸ்பிரிங்கின் வேலையை எது தின்கிறது என்று தேடு. எனக்கு மூன்று இடத்தில் சந்தேகம். ஒன்று, பேரிங். புதுப் பேரிங்கில் கம்பெனி அடைத்து அனுப்பும் கிரீஸ் வேகமாகச் சுற்றுகிற மிஷினுக்கானது, நம் ஊர்க் குளிரில் அது மெழுகு மாதிரி ஆகிவிடும். மூடியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, நன்றாகக் காயவிட்டு, தையல் மிஷின் ஆயில் ஒரே ஒரு சொட்டு விடு. ஒரு சொட்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு, பலகை. நீ போட்டிருப்பது எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகை என்றால் அது பனி ஈரத்தில் ஊதும், பேரிங் உட்காரும் ஓட்டை கோணி ஆக்சில் இறுகிக்கொள்ளும். மூடுபனி நாளில் நின்றதற்கு அதுதான் காரணமாக இருக்கும். ஓட்டையை லேசாகப் பெரிதாக்கி வார்னிஷ் அடித்துவிடு. மூன்று, நூல். ஆக்சிலில் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறாயா? அப்படியானால் நூல் முழுக்க அவிழ்ந்ததும் எதிர்ப் பக்கமாகச் சுற்ற ஆரம்பித்து பிரேக் பிடிக்கும். ஆக்சிலில் ஒரு குண்டூசி முனையை நிறுத்தி, நூலில் கண்ணி போட்டு அதில் மாட்டிவிடு, நூல் தீர்ந்ததும் தானாகக் கழன்றுகொள்ளும், கார் மிச்ச வேகத்தில் ஓடும்.

இன்னொன்றும் கேட்கிறேன், அந்த வராண்டாவில் ரசமட்டம் வைத்துப் பார்த்தாயா? மலையில் கட்டின கட்டிடம், மழைத் தண்ணீர் ஓட மேஸ்திரி வாட்டம் வைத்திருப்பார்.

கொடைக்கானல்_இயற்பியல்:

ஃபிட்டர் ஐயா கடைசியாகச் சொன்னதுதான் இதில் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. எண்ணாகப் போட்டுக் காட்டுகிறேன், பிள்ளைகளுக்கு வகுப்பிலும் இப்படித்தான் போடுவேன்.

முதலில் ஸ்பிரிங்கை அள. கையின் நுனியில் சின்ன பாட்டிலைத் தொங்கவிட்டு, தண்ணீர் ஊற்ற ஊற்ற எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள் (100 மில்லி தண்ணீர் 100 கிராம், பாட்டில் எடையையும் சேர்த்துக்கொள்). திருப்பு விசையையும் கோணத்தையும் வரைபடமாகப் போட்டால் கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் ஆற்றல். இந்த அளவுப் பொறிக்குச் சராசரி 0.25 நியூட்டன் மீட்டர் என்று வைத்துக்கொள்வோம், அரை வட்டம் திரும்புகிறது, அப்படியானால் ஏறக்குறைய 0.8 ஜூல். அவ்வளவுதான் உன் கையிருப்பு.

25 செ.மீ. கை அரை வட்டம் போனால் 50 செ.மீ. நூலை இழுக்கும். 6 மி.மீ. ஆக்சிலில் அது 26 சுற்றுக்குக் கொஞ்சம் மேல், சி.டி. சக்கரத்தில் 10 மீட்டர். உன் கணக்கு சரிதான். ஆனால் 0.8 ஜூலை 10 மீட்டருக்குப் பிரித்தால் சக்கரத்தில் கிடைக்கும் விசை சராசரியாக 0.08 நியூட்டன்கூட முழுதாக இல்லை. இனி செலவு. சமமான ஒரு மீட்டர் பலகையில் காரை நூல் இல்லாமல் வைத்து, ஒரு முனையை மெதுவாகத் தூக்கு. 2 செ.மீ. தூக்கினபோதுதான் சீராக உருள்கிறது என்றால், உருளும் எதிர்ப்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்கு, 300 கிராமுக்கு 0.059 நியூட்டன். சமதளத்தில் தாங்கும். வராண்டா மீட்டருக்கு வெறும் 7 மி.மீ. உயர்ந்தாலும் இன்னொரு 0.02 சேரும். கண்ணுக்கே தெரியாத அந்த வாட்டம் மொத்தக் கையிருப்பையும் முடித்துவிடும். போதாததற்கு நூலின் இழுப்பு பாதி வழியில்தான் மிகக் குறைவாக இருக்கும்.

கூடலூர் தம்பிக்கு: காற்று லேசு என்பது உண்மைதான், ஆனால் நடக்கிற வேகத்தில் போகும் காருக்குக் காற்றின் தடை ஒரு பொருட்டே இல்லை.

ஏற்றச் சுற்றுக்கு வேறு ஆக்சில் வேண்டும். 12க்கு 1 என்றால் ஏற்றத்துக்கு மட்டும் 0.245, உருளுவதையும் சேர்த்து 0.3 நியூட்டன். இப்போது இருப்பதைப்போல நான்கு மடங்கு விசை. ஆக்சிலைத் தடிமனாக்கினால் கிடைக்கும், தூரம்தான் குறையும். கரண்ட் வயர் போகிற 25 மி.மீ. பைப்பில் ஒரு துண்டு வெட்டி, ஆக்சிலில் செருகி, அதன்மேல் நூலைச் சுற்று. இரண்டரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். மட்டுமட்டான கணக்கு இது, அதனால் எடையில் ஐம்பது கிராம் குறைக்க வழி பார்.

பழைய_ஃபிட்டர்:

டீச்சர் கணக்கு சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். ஏற்றத்தில் சி.டி. விளிம்பு வழுக்கும். கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் நம் ரயில் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் (எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏற, பல் வெட்டிய இரும்புச் சட்டம்) போட்டு 1899லிருந்து ஓடுவதும் இதற்காகத்தானே, அங்கே செங்குத்தான இடத்தில் 12.28 அடிக்கு ஒரு அடி ஏற்றம், வழவழ இரும்புச் சக்கரம் மட்டும் இருந்தால் அங்கே பிடிக்குமா? உனக்குப் பல்சட்டம் வேண்டாம், சைக்கிள் ட்யூபை வளையமாக வெட்டிப் பின் சக்கரத்தில் மாட்டு. பிடிப்புக்காகப் புதிதாக எடை ஏற்றாதே, இருக்கிற பொறியையே பின் ஆக்சில் பக்கம் நகர்த்து. முதல் சுற்றுக்கு அந்த வளையத்தைக் கழற்றிவிடு, ரப்பர் உருளும்போது இழுக்கும்.

குன்னூர்_டிப்ளமோ:

ஐயா, டீச்சர், ரொம்ப நன்றி. நேற்றுச் சாயங்காலம் முழுக்க வராண்டாவில்தான் இருந்தேன். கோலிக்குண்டை வைத்தேன், அது பாட்டுக்குப் படிக்கட்டுப் பக்கம் உருண்டு போய்விட்டது. காரைத் திருப்பி அந்தப் பக்கமாக ஓடவிட்டால் 14 மீட்டரில் சுவரில் முட்டி நின்றது, சுவர் இல்லையென்றால் இன்னும் போயிருக்கும். இத்தனை நாள் ஏற்றத்தில் ஓட்டிக்கொண்டு ஸ்பிரிங்கைத் திட்டியிருக்கிறேன்.

பேரிங்கை அலசி ஆயில் விட்டேன். பலகை டெஸ்டில் 2 செ.மீ. இருந்தது 1.4 ஆனது. நூலையும் கண்ணியாக மாற்றினேன். இப்போது ஏற்றப் பக்கமே 11 மீட்டர் போகிறது. பைப் துண்டு இன்று வெட்டப் போகிறேன்.

போட்டியன்று எந்தப் பக்கமிருந்து ஓடவிடுவீர்கள் என்று எங்கள் சாரிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். ‘படிக்கட்டுப் பக்கமிருந்துதான், எல்லோருக்கும் ஏற்றம்தான்’ என்று சிரிக்கிறார். அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

கூடலூர்_பையன்:

அப்போ பெரிய பொறியே வாங்கிவிடு ப்ரோ.